நாலு பல் போடும் வரை ஏறாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. குதிரை வளர்க்கிறவர்களும் வாங்கலாம் என்று யோசிக்கிறவர்களும் பொறுமையாகப் படித்தால் நன்றாக இருக்கும்.

போன வாரம் ஒரு நண்பர் வீடியோ அனுப்பியிருந்தார். கறுப்பு மார்வாரிக் குட்டி, உள்பக்கம் வளைந்த காது, எண்ணெய் தேய்த்தது போல மினுமினுப்பு. மேலே எண்பது கிலோவுக்குக் குறையாத ஓர் ஆள். "ரெண்டு வயசுதான், சவாரி பாருங்க" என்று கீழே எழுதியிருந்தது. லைக் குவிந்து கிடந்தது. எனக்குக் கண்ணில் பட்டதெல்லாம் வேறு. வால் ஓயாமல் சுழன்றது. வாய் திறந்தே இருந்தது. முதுகு நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. "செம அழகு" என்று கமெண்ட் போட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலியில் இருக்கும் குதிரை எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. பத்து வருடத்துக்கு முன் நான் வாங்கிய முதல் குதிரைக்கு அப்போது இரண்டரை வயது. செம்மண் நிறப் பெட்டைக் குதிரை. விற்றவர் "இப்பவே ஏறலாமுங்க, ரெண்டு பல் போட்டாச்சு" என்றார். நாற்பது நாள் ஒருவரிடம் பழக்க விட்டேன். திரும்பி வந்தபோது சொன்னதெல்லாம் செய்தது. நிற்கச் சொன்னால் நின்றது, நடக்கச் சொன்னால் நடந்தது. எனக்கு ஒரே பெருமை. ஆறு வயதில் சேணத்தைக் கையில் எடுத்தாலே காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வர ஆரம்பித்தது. கெட்ட குணம் வந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் முதுகெலும்பின் மேல் விரலை அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் அது முழங்கால் மடங்கிக் கீழே போகப் பார்த்தது. நாலு வருடமாக அது சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதற்குப் பிறகு அதன் மேல் யாரும் ஏறவில்லை. தோட்டத்தில்தான் நிற்கிறது. தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முன்வாயில் முதல் ஜோடி நிலைப்பல் வந்ததும் வேலைக்குத் தயார் என்கிற இந்த "ரெண்டு பல்" கணக்கு எங்கிருந்து வந்தது என்று நிறைய யோசித்திருக்கிறேன். மாட்டிலிருந்து வந்தது என்பதே என் எண்ணம். நம் ஊரில் காளையை இரண்டு பல்லில் நுகத்துக்குப் பழக்க ஆரம்பிப்பார்கள். அதே கண், அதே கணக்கு குதிரைக்கும் வந்துவிட்டது. ஆனால் காளை இழுக்கிற பிராணி. பாரம் கழுத்தில் விழும். குதிரையிடம் நாம் கேட்பது முதுகில் சுமக்க. அதிலும் நமக்குத் தோளையும் நெஞ்சையும் இணைக்கிற காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. நெஞ்சுக்கூடு முழுவதும் இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே தசையால் தொட்டில் கட்டியது போலத் தொங்குகிறது. நாம் ஏறி உட்காரும்போது அந்தத் தொட்டில்தான் நம்மைத் தாங்குகிறது. அந்தத் தசை வளராத குட்டியில் முதுகு பள்ளமாகத்தான் இறங்கும்.

எலும்பும் அப்படியே. வளரும் எலும்பின் நுனியில் குருத்தெலும்பு இருக்கும், வளர்ச்சி முடியும்போது அது இறுகி எலும்பாகும். குதிரையில் இது கீழிருந்து மேலே போகிறது. குளம்புக்கு மேலே உள்ள சின்ன எலும்புகள் ஒரு வயதுக்குள் இறுகிவிடும். முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள குருத்து மூட இரண்டு, இரண்டரை வயது ஆகும். பின்னங்கால் மேல் மூட்டுகளுக்கு மூன்று, மூன்றரை. முதுகெலும்பு ஐந்தரை வயது வரை முடியாது, பெரிய உடம்புக் குதிரைக்கு இன்னும் தள்ளிப் போகும். நாம் எங்கே உட்காருகிறோமோ அந்த இடம்தான் கடைசியாக முதிர்கிறது. கால் வலுவாக இருக்கிறதே என்று காலைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

பல்லைப் பார்க்கத் தெரிந்தால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் இல்லை, குதிரைக்கு இரண்டு தாடையிலும் உண்டு. நடுவில் உள்ள பால் பல் விழுந்து நிலைப்பல் வருவது இரண்டரை வயதில். அடுத்த ஜோடியும் சேர்ந்து நாலு பல் ஆவது மூன்றரையில். ஓரப் பல் நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். ஆக, இரண்டரையிலிருந்து நாலரை வரை அதன் வாயில் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கிறது, முன்பல் மட்டுமல்ல, கடைவாயிலும். நம் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பல் ஆடும்போது முறுக்கைக் கூடக் கொடுக்க மாட்டோம். அதே நிலையில் உள்ள குட்டியின் வாயில் இரும்பை வைத்து இழுக்கிறோம். முள் வைத்த கடிவாளம் 1965-லேயே மத்திய அரசின் விதிப்படி தடை செய்யப்பட்டது. இன்றைக்கும் சந்தைக்குச் சந்தை துணிக்கடியில் வைத்து விற்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். திப்பு சுல்தான் காலத்திலிருந்து நடக்கிறது என்று சொல்வார்கள். மார்வாரி, காத்தியவாரி, வெள்ளை நுக்ரா, நம் நாட்டு மட்டக் குதிரை என எல்லாம் வந்து நிற்கும். எனக்கு அந்தச் சந்தை மேல் அவ்வளவு பிரியம், சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது. ஆனால் இப்போது அங்கே பார்க்கிற குட்டிகள் வயதுக்கு மீறிப் பெருத்திருக்கின்றன. கொள்ளும் தவிடும் அள்ளிப் போட்டு இரண்டு வயதில் நாலு வயது உடம்பைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. தவிட்டையே நம்பி வளர்த்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவ ஆரம்பிக்கும். முகம் வீங்கிப் பெருத்த குதிரையைப் பார்த்திருப்பீர்களே, அது பெரும்பாலும் இந்தக் கதைதான். மேலே பளபளப்பு, உள்ளே பஞ்சு போன எலும்பு, அதன் மேல் எண்பது கிலோ. நல்ல புல், நல்ல வைக்கோல், அளவாகக் கொள்ளு, தாது உப்பு, ஓட இடம். குட்டிக்கு இவ்வளவு போதும்.

ஓட இடம் என்று சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. ரேஸ் குதிரைக்காரர்களிடம் பேசினால் "சின்ன வயதில் ஓடினால்தான் எலும்பு இறுகும்" என்பார்கள். அதில் உண்மை உண்டு. கொட்டகையில் கட்டியே வளர்த்த குட்டியைவிட வெட்டவெளியில் ஓடி வளர்ந்த குட்டியின் எலும்பு உறுதியாக இருக்கும், எலும்பு வேலைக்கு ஏற்றாற்போல் தன்னை மாற்றிக்கொள்ளும். ஆனால் தன் கூட்டத்தோடு தானாக ஓடுவதும், முதுகில் ஆளைச் சுமந்து முழு வேகத்தில் ஓடுவதும் ஒன்றாகுமா? இரண்டு வயது ரேஸ் குட்டிகளுக்கு முன்கால் முட்டிக்குக் கீழே உள்ள எலும்பு வலித்து வீங்குவது அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த தொந்தரவு. எலும்பு வளர ஓட்டம் வேண்டும். அந்த ஓட்டத்துக்கு நாம் மேலே இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

வியன்னாவில் நானூறு வருடத்துக்கு மேலாக நடக்கும் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளை லிப்பிசானர் குதிரைகள் கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வருடம் போகப் போகத்தான் வெளுக்கின்றன. பீபர் என்ற ஊர்ப் பண்ணையில் பிறந்து, கோடையில் மலை மேய்ச்சலில் வளர்ந்து, நாலு வயதுவாக்கில்தான் பயிற்சிக்கு வியன்னா வருகின்றன. முதல் வருடம் நேராக நடக்க, ஓட மட்டும். முழுப் பயிற்சி முடிய ஆறு வருடம் கூட ஆகும். இருபது வயதைத் தாண்டியும் மேடையேறுகிறவை அதில் உண்டு. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பும் டிரஸ்ஸாஷ் (சவாரி செய்பவரின் சிறு சைகைக்குக் குதிரை அழகாக நடைபோட்டுக் காட்டும்) போட்டியின் உச்சமான கிராண்ட் பிரீயில் எட்டு வயது ஆகாத குதிரையை இறக்க விடுவதில்லை. நம் ஊரில் எட்டு வயதுக் குதிரையைக் கிழடு என்று விற்கிறார்கள்.

2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் டிரஸ்ஸாஷ் அணி தங்கம் வாங்கியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. குதிரையேற்றத்தில் 41 வருடம் கழித்து வந்த தங்கம். நாலு பேரும் ஐரோப்பாவில் தங்கி, அங்கே பழக்கப்பட்ட குதிரைகளில் பயிற்சி எடுத்தவர்கள். ஆள் நம்மிடம் இருக்கிறது, ஆசை இருக்கிறது, மார்வாரி மாதிரி அருமையான குதிரையும் இருக்கிறது. ஒரு குட்டியை எட்டு வயது வரை கெடாமல் கொண்டுபோகிற பொறுமைதான் இல்லை. இது இன்றைய கதையும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் வருடத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் கடல்வழியாக வாங்குகிறார், வருட முடிவில் 100 கூட மிஞ்சுவதில்லை, பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை என்று சொல்லிவைத்தார். வெளியூர்க்காரர் கணக்கைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம். படிக்கும்போது எனக்கு உறைத்தது என்னவோ உண்மை.

சரி, நாலு வயது வரை சும்மா தீனி போட்டுக்கொண்டிருப்பதா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. அந்த இரண்டு வருடம்தான் வேலையே.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார், ஊட்டி ரேஸ் கோர்ஸில் வெகுகாலம் சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிக்கிற ஆளாக இருந்தவர். முதல் குதிரை அப்படி ஆனபின் அவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, நீங்க பழக்கப் பாத்தீங்க. அது உங்ககிட்டப் பழகவே இல்லையே." ஒரு எழுத்துதான் வித்தியாசம். எனக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு குதிரையின் முதுகு போக வேண்டியிருந்தது.

அடுத்து வாங்கிய குட்டிக்கு ஒன்றரை வயது. முதல் மாதம் அவர் என்னைக் கயிறே எடுக்க விடவில்லை. கொட்டகையில் ஓரமாக உட்கார்ந்து பேப்பர் படிக்கச் சொன்னார். ஒன்பதாம் நாள் அதுவே வந்து பேப்பரை மோந்து பார்த்தது. அப்புறம் தொடுவது, கழுத்தில் ஆரம்பித்து வயிறு, காது, வாய், வால் அடி வரைக்கும். இடப்பக்கம் முடிந்தால் வலப்பக்கம் மறுபடி முதலிலிருந்து. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருக்கிறது, நேர் முன்னாலும் நேர் பின்னாலும் கொஞ்சம் இடம் தவிரச் சுற்றிலும் தெரியும். ஆனால் ஒரு பக்கம் பழகியது மறுபக்கம் பழகிவிட்டது என்று நினைத்தால் உதை வாங்குவோம்.

பிறகு குளம்பைத் தூக்கிக் கொடுக்கப் பழகியது. லாடம் அடிப்பவர் வந்தபோது நாலு பேர் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு தினமும் நடந்தோம். வாய்க்கால் பாலம், டிராக்டர், மாரியம்மன் கோயில் மேளம், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துப் பிள்ளைகள் சத்தம் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் நான் நின்றுகொண்டு காட்டினேன். பயந்தால் அடித்ததில்லை. நின்று, அது மூச்சை விட்டுத் தலையைத் தாழ்த்தும் வரை காத்திருந்தேன். மேலே ஏறிய பிறகு லாரி ஹாரனுக்குக் கலைந்து ஓடும் குதிரைகள் எல்லாம் இந்தப் பாடத்தைப் படிக்காமல் மேல் வகுப்புக்கு அனுப்பப்பட்டவை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கயிற்றை இழுப்பதால் குதிரை கற்றுக்கொள்வதில்லை, இழுத்த கயிற்றை விடும் நொடியில்தான் கற்றுக்கொள்கிறது. ஓர் அடி முன்னே வைத்த உடனே கயிறு தளர்ந்தால் "ஓ, இதைத்தான் கேட்டாரா" என்று அதற்குப் புரியும். வந்த பிறகும் இழுத்துக்கொண்டே இருந்தால், வந்தாலும் வலி, வராவிட்டாலும் வலி. அப்படி வளர்ந்த குதிரைதான் கல் மாதிரி வாயோடு நிற்கும், இல்லாவிட்டால் இரண்டு காலில் எழும். கல்யாண ஊர்வலத்துக்காகக் காலில் சங்கிலி கட்டிச் சவுக்கால் ஆடப் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்டத்துக்கு நாம் காசு கொடுக்காமல் இருந்தாலே பாதி நின்றுவிடும்.

மூன்று வயதில் வெறும் துணியை முதுகில் போட்டோம், பிறகு லேசான சேணம், வார் இறுக்காமல். மூன்றரையில் நீளக் கயிற்றில் வட்டம் விட்டோம், பத்து நிமிடத்துக்கு மேல் இல்லை, வாரத்தில் இரண்டு நாள். வட்டம் சுற்றுவது மூட்டுக்குக் கடினம், அதை உடற்பயிற்சி என்று அரை மணி நேரம் சுற்ற விடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். கடிவாளம் வாய்க்குள் போனது அதற்கும் பின்னால்தான், பல்லைப் பார்த்த பிறகு.

பெரியவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் இந்தத் தை மாதம் வந்து பார்த்திருப்பார். குட்டிக்கு நாலு வயது ஆகிறது, நாலு பல்லும் முழுதாக இறங்கிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டிலேயே எடை குறைந்த என் மச்சான் மகள் முதலில் வயிற்றால் குறுக்கே படுத்தாள், இறங்கினாள், மறுபடி படுத்தாள். அப்புறம் மெதுவாகக் காலைப் போட்டு உட்கார்ந்தாள். நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். குதிரை ஒரு தடவை தலையைத் திருப்பி அவள் காலை மோந்து பார்த்தது. கேட்டிலிருந்து வேப்பமரம் வரை நடந்தோம், திரும்பினோம். பன்னிரண்டு நிமிடம். வால் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, இன்னொரு ரவுண்டு?" என்று கேட்டாள்.

போதும், புதன்கிழமை பார்க்கலாம் என்று இறக்கிவிட்டேன்.