தாத்தாவின் வேகத்தில் ஒரு யாத்திரை

குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்வந்தோம் என்று சொன்னாலே, "எவ்வளவு நேரத்தில் தரிசனம் முடிந்தது?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. சீக்கிரம் முடிந்திருந்தால் நல்ல பயணமாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. சன்னிதி முன்னால் நிற்பது சில நொடிகள். அப்போது எல்லார் கண்ணும் சாமி மேல் இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். குடும்பம் ஒன்றோடொன்று ஒட்டுவது அதற்கு முன்னால், சேர்ந்து நடக்கும்போதும் காத்திருக்கும்போதும்தான்.

மலையடிவாரத்தில் இருக்கும் அலிபிரியிலிருந்து திருமலைக்கு நடந்து ஏறினால் சுமார் 3,550 படிகள். தொடக்கத்தில் பிள்ளைகள் ஓட்டமாக ஓடுவார்கள். கொஞ்ச தூரம் போனதும் முட்டி வலிக்கிற தாத்தா ஓரமாக உட்கார்ந்துவிடுவார். மேலே போய்விட்ட பேரன் திரும்பிப் பார்ப்பான், இறங்கி வருவான், அவர் கையிலிருக்கும் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொள்வான், எழுந்திருக்கக் கை கொடுப்பான். இதே பையனிடம் வீட்டில் தாத்தாவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சொன்னால் போனிலிருந்து தலையைத் தூக்கவே நேரமாகும். வீட்டில் ஆளுக்கு ஒரு வேகம். படிக்கட்டில் மொத்தக் குடும்பத்துக்கும் தாத்தாவின் வேகம்தான், அவரை விட்டுவிட்டு மேலே போக முடியாது.

எந்த மதமானாலும் இது இப்படித்தான் நடக்கிறது. மக்காவில் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவே ஏழு தடவை நடக்கும் ஸயீ என்ற வழிபாடு, குழந்தை இஸ்மாயிலுக்குத் தண்ணீர் தேடி அவருடைய தாய் ஹாஜரா அம்மையார் ஓடியதன் நினைவு. இன்று அதே வழியில் வயதான அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் மகன்களைப் பார்க்கலாம். லூக்கா நற்செய்தியிலும் ஒரு குடும்பப் பயணம் வருகிறது. யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் போய்த் திரும்பும்போது 12 வயது இயேசு பின்தங்கிவிடுகிறார். பெற்றோர் ஒரு நாள் வழி வந்தபிறகுதான் உறவுக்காரர்களிடம் தேடத் தொடங்குகிறார்கள். பிள்ளை அந்தக் கூட்டத்தில் யாரோடாவது வந்துகொண்டிருப்பான் என்று அவ்வளவு நம்பிக்கை! சித்தப்பா, பெரியப்பா, அத்தை என்று எல்லாரும் ஒரே கூட்டமாகப் போன காலம் அது.

ஹரித்வாரில் பண்டாக்கள் என்னும் தீர்த்தப் புரோகிதர்கள் வைத்திருக்கும் வம்சப் பதிவேடுகளைப் பற்றி நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். ஊர், குலம் சொன்னால் நீளமான பழைய ஏட்டைப் பிரித்து, உங்கள் குடும்பத்திலிருந்து முன்பு வந்தவர்களின் பெயரை எடுத்துக் காட்டுவார்கள். அதற்குக் கீழே இப்போது வந்தவர்களின் பெயர்கள், புதிதாகப் பிறந்த குழந்தைகளின் பெயர் உட்பட, எழுதப்படும். தாத்தாவின் அப்பா கைப்பட எழுதியதை ஒரு பள்ளிப் பையன் விரலால் தொட்டுப் பார்ப்பதை எந்தச் சுற்றுலா தரும்?

என் அப்பா வீட்டில் அதிகம் பேசமாட்டார். ஒருமுறை கோயில் வரிசையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தபோது, என்ன தோன்றியதோ, தன் அம்மா வேண்டிக்கொண்டு நிறைவேற்றாமலே போன ஒரு நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் வந்திருப்பதே அதற்காகத்தான் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும். சீக்கிர தரிசனத்துக்கு வழி கிடைத்திருந்தால் அவர் அதைச் சொல்லியே இருக்கமாட்டார்.

உடம்புக்கு முடியாதவர்கள் வண்டியில் போகட்டும், தனி வரிசையில் போகட்டும். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் கைகால் நன்றாக இருக்கும் குடும்பம், ஒரே நாளில் ஐந்தாறு தலங்களைப் பார்த்தே தீரவேண்டும் என்று விடியற்காலையில் எல்லாரையும் விரட்டி எழுப்பி, வண்டியில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்து போய்வருவதில் உறவு எங்கே வளரும்?

அப்புறம், இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் யாத்திரை என்றால் பெண்களுக்கு வீட்டுவேலை இடம் மாறுகிறது, அவ்வளவுதான். மூட்டை கட்டுவது, மாத்திரை எடுத்துவைப்பது, குழந்தைக்கு உடை மாற்றுவது, ஈரத்துணி உலர்த்துவது எல்லாம் அம்மா தலையில். கண்ணை மூடி நிம்மதியாக ஒரு நிமிடம் கும்பிடக்கூட அவருக்கு நேரம் இருக்காது, யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கிளம்புவதற்கு முன்பே பைகளையும் வேலைகளையும் ஆண்களும் பிள்ளைகளும் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தலத்துக்குப் போகலாம், அங்கே எத்தனை நாள் தங்கலாம் என்பதையும் முதலில் அம்மாவிடம் கேளுங்கள். பல வருடங்களாக மனதில் ஒரு இடம் வைத்திருப்பார், யாரும் கேட்காததால் சொல்லாமல் இருப்பார்.