மிஷன் பயணம் கிளம்பும் சபைகளுக்கு, டிக்கெட் போடுவதற்கு முன்

கரும்பலகையின் வலது மூலையில் சாக்பீஸால் 31 என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. 2023 அக்டோபர், உகாண்டாவில் முகோனோ பக்கம் ஒரு சபைப் பள்ளியின் ஏழாம் வகுப்பு. எங்கள் சபையிலிருந்து மிஷன் ஊழியத்துக்குப் போன நாங்கள் 14 பேர், எல்லோருக்கும் ஒரே நிற டீ-ஷர்ட், இரண்டு பெட்டி நிறைய பொம்மலாட்டப் பொம்மைகளும் பலூன்களும் கதைப் புத்தகங்களும். அந்த 31 என்னவென்று முதல் நாள் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாள் அது 30 ஆகியிருந்தது. மூன்றாம் நாள் ஒரு பையன் சட்டைக் கையால் 30-ஐத் துடைத்துவிட்டு 29 என்று எழுதினான், அப்போதுதான் கேட்டேன். "பி.எல்.இ.க்கு இன்னும் இத்தனை நாள்" என்றான்.

ஏழாம் வகுப்பு முடியும்போது அங்கே எல்லாப் பிள்ளைகளும் எழுதும் அரசுத் தேர்வு அது. ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூகவியல் என்று நான்கு தாள். அதில் வாங்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் எந்த உயர்நிலைப் பள்ளி என்பது முடிவாகும். சரி, அந்த மூன்று நாளில் நாங்கள் என்ன செய்தோம்? முதல் நாள் எங்களுக்கு வரவேற்பு, பாட்டு, நடனம், பேச்சு என்று மதியம் வரை போனது. இரண்டாம் நாள் பொம்மலாட்டம். மூன்றாம் நாள் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறோம் என்று பெஞ்சுகளை எல்லாம் வெளியே தூக்கிப் போட்டோம். மூன்று நாளும் அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடக்கவில்லை. காரணம் நாங்கள்தான்.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கொரோனா நேரத்தில் உலகத்திலேயே அதிக காலம் பள்ளிகளை மூடி வைத்திருந்த நாடு உகாண்டா. 2020 மார்ச்சில் மூடியவை முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரியில். பீஸை நம்பி ஓடும் சிறிய பள்ளிகளில் சம்பளம் நின்றுபோய், விவசாயத்துக்கும் கடைக்கும் போன ஆசிரியர்கள் பலர் திரும்பி வரவே இல்லை. அப்படி இரண்டு வருஷத்தைப் பறிகொடுத்த பிள்ளைகளிடமிருந்துதான் நாங்கள் மூன்று நாளை எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயேசு யார் என்று முதல் தடவையாகச் சொல்லப் போவதுபோல நாங்கள் தயாராகிப் போயிருந்தோம். அங்கே 1877-லேயே மிஷனரிகள் வந்துவிட்டார்கள். 1886 ஜூன் 3 அன்று நமுகோங்கோவில் அரசனின் பணியாளர்களான இளைஞர்கள் விசுவாசத்தை மறுதலிக்க மாட்டோம் என்று சொல்லி உயிரோடு எரிக்கப்பட்டார்கள். ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர் இரு சபையாரும் அதில் உண்டு. ஜூன் 3 அந்த நாட்டில் அரசு விடுமுறை. அந்த மண்ணின் பிள்ளைகள் நாங்கள் பொம்மையை ஆட்டிக் கதை சொன்னபோது மரியாதையாக உட்கார்ந்து கேட்டார்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தலைமையாசிரியை சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து மறுநாள் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டுக்கு பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். "மேடம், உண்மையில் உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். முதலில் "நீங்கள் வந்ததே சந்தோஷம்" என்றுதான் சொன்னார். விடாமல் கேட்டதும் கையை நிறுத்தாமல் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு ஆசிரியர்களுக்கு இந்தப் பருவம் முடியும்வரை சம்பளம் வேண்டும். வருவதானால் டிசம்பர், ஜனவரி விடுமுறையில் வாருங்கள், பிள்ளைகளோடு அல்ல, ஆசிரியர்களோடு உட்காருங்கள். அப்புறம், வந்தவர்களே திரும்ப வாருங்கள். "ஒவ்வொரு தடவையும் புது முகம். எங்கள் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது."

1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்த அவையில் நின்று, எல்லாம் கொடுத்தீர்கள், "எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்" என்று கேட்டவர் நம் திருநெல்வேலிக்காரர், பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா. வாங்கும் இடத்தில் நின்று அவர் அதைக் கேட்டார். இன்று கொடுக்கிற இடத்தில் நாம் நிற்கிறோம், அதே வார்த்தையை முகோனோவில் ஒரு அம்மா கல் பொறுக்கியபடி வேறு விதமாகச் சொல்கிறார்.

திரும்பி வந்து இதைச் சபையில் பேசியபோது, "குழு போகாவிட்டால் காணிக்கை குறையும், நம் வாலிபர்களுக்கு ஊழிய பாரம், அதாவது ஊழியம் செய்யும் உந்துதல், வராது" என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது, என் மனதே அங்கே போய்த்தான் மாறியது. ஆனால் நம் பிள்ளைகள் மனம் மாறுவதற்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தேர்வு நாட்களைச் செலவழிக்கும் உரிமை நமக்கு இல்லை. போகும் இடத்தில் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துப் பகிரும் விஷயமும் அப்படித்தான். நம் பள்ளிக்குள் ஒரு வெளியாள் வந்து நம் மகளைத் தூக்கி வைத்துப் படம் எடுத்து உலகத்துக்கே காட்டினால் விடுவோமா?

பள்ளிக் காலண்டரை முதலில் வாங்கிப் பாருங்கள். தேர்வுக்கு முந்தைய பருவமென்றால் தேதியை மாற்றுங்கள். என்ன கொண்டுவரலாம் என்று கேட்காதீர்கள், என்ன வேண்டும் என்று இரண்டு தடவை கேளுங்கள், முதல் பதில் மரியாதைக்குச் சொல்வதாக இருக்கும்.

எங்கள் சபை அடுத்த வருஷம் குழு அனுப்பவில்லை. நிறைய வருத்தம், கமிட்டியில் சண்டைகூட வந்தது. கடைசியில் டிக்கெட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு ஆசிரியர்களின் சம்பளத்துக்குப் போனது. ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் ஒருவர் மட்டும் ஜனவரி விடுமுறையில் போய் மூன்று வாரம் ஆசிரியர்களோடு உட்கார்ந்தார். அடுத்த ஜனவரியும் அவரே போனார். பள்ளி கேட் அருகில் வண்டி நிற்கும்போதே காவலர் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம்.