எச்.ஐ.வி மாத்திரையைப் பற்றி ஊருக்கும் சொல்லுங்கள்

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, எச்.ஐ.விக்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி மையத்தில் மாத்திரை டப்பா வாங்கியதும் பேருந்து நிலையத்திலேயே உட்கார்ந்து லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார். பைக்குள் கலகலவென்று சத்தம் வரக் கூடாது என்று டப்பாவில் பஞ்சு அடைப்பார். வீட்டில் அது அரிசிப் பானைக்குள் இருக்கும். விருந்தாளி வந்து தங்கிவிட்டால் அன்றைக்கு மாத்திரை போச்சு.

விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடும், அப்புறம் அதே மருந்து கேட்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மையத்தில் கவுன்சிலர் பொறுமையாகச் சொல்லித்தான் அனுப்புகிறார். ஒன்றும் தெரியாமல் இருப்பது அவரைச் சுற்றியிருக்கும் நாம்தான். நமக்குச் சொல்ல யாரும் வருவதில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். அதன்பின் பல வருடங்கள் சுவரெல்லாம் மண்டையோடு வரைந்து பயத்தை மட்டும் ஊட்டினோம். 2004 ஏப்ரலில் அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி முதல் மையங்களில் ஒன்று. இன்று பெரும்பாலானவர்களுக்கு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. ஆனால் ஊர் மனசில் இன்னும் அந்த மண்டையோடுதான் இருக்கிறது.

ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் அது துணைக்குப் பரவாது. ஐரோப்பாவில், ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி இருந்து சிகிச்சையில் இருந்த ஜோடிகளை வருடக்கணக்கில் கவனித்தார்கள். ஆணுறை இல்லாமல் வாழ்ந்தும், அந்தத் துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. (தாய்ப்பாலுக்கு இதே கணக்கைப் போடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.) இவ்வளவு பெரிய நல்ல செய்தி நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது என்பதையே இன்னும் நம்பாதவர்கள் இருக்கிறார்களே!

மகளிர் குழுக் கூட்டத்தில், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், ஆஸ்பத்திரி ஊழியர்களிடத்தில் இதைப் பேச வேண்டும். யாருக்கு நோய் என்று கிசுகிசுக்க வேண்டாம், மருந்து என்ன செய்கிறது என்று பேசுவோம். சம்மதமில்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்வதையும், வேலையிலும் சிகிச்சையிலும் பாகுபாடு காட்டுவதையும் 2017ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் எங்கே என்று கேளுங்கள்.