எட்டுச் சிவப்புச் சுழிகள்

என் தங்கை மகள் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு வருடமாகத் தோழிகளோடு சேர்ந்து சொந்தமாக ஒரு மொழி செய்துகொண்டிருக்கிறாள். (அதன் பெயரை வெளியே சொல்லக் கூடாதென்று கட்டளை. மீறினால் அடுத்த ஓணத்துக்கு எனக்குப் பாயசம் கிடையாது.)

சென்ற வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டு பக்கத்துக்கு ஒரு வரைபடம். நடுவில் ஆறு, மேலே மலைப் பக்கத்துப் பேச்சு வழக்கு, கீழே கடற்கரைப் பேச்சு வழக்கு. மலையில் 'ப' வந்தால் கடற்கரையில் 'வ'. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. எனக்கோ கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த கடிதம்தான் பிடித்தது. கடற்கரை ஊரான குளச்சலில் இருக்கும் தோழி அதே மொழியில் எழுதியது. அதன்மேல் முழுக்க இவள் திருத்திய சிவப்பு மை.

மீனுக்கு 'மிரு'. பன்மைக்குக் கடைசி அசையை இரட்டிக்க வேண்டும்: 'மிருரு'. மூன்றுக்கு 'தால்'. குளச்சல் பெண் 'தால் மிருரு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'தால் மிரு' என்கிறாள். இப்படி எட்டு இடம், எட்டிலும் சுழி. ஆனால் எண் வராத இடங்களில் 'மிருரு' ஒழுங்காக இருக்கிறது. கைத்தவறு எட்டு முறையும் ஒரே இடத்தில் வருமா? எண் முன்னால் நின்றால் பன்மை வேண்டாம் என்று அவளிடம் ஒரு விதி இருக்கிறது. கேட்டதற்கு, "கரையில் யார் பத்து மீன்கள் என்று எண்ணுகிறார்கள்?" என்றாளாம்.

ஆக்கியவர் உட்கார்ந்து வகுத்த கிளைமொழி வேறு. பேசுகிறவர்கள் வாயில் விளைந்தது வேறு. செயற்கை மொழியின் வழக்குகளைத் தொகுக்கிறவர்கள் இரண்டையும் ஒரே பட்டியலில் கொட்டுவதுதான் எனக்கு ஆகவில்லை. வகுத்ததை இளக்காரமாகச் சொல்லவில்லை. ஆங்கில எழுத்தாளர் டோல்கின் தன் கதைகளுக்காகச் செய்த குவென்யா மொழியில், ஒரு கூட்டத்தார் பழைய ஒலி ஒன்றைக் காப்பாற்றினார்கள், மற்றவர்கள் அதை 'ஸ' ஆக்கினார்கள் என்று வைத்து, அதைக் குடும்பச் சண்டையாகவே வளர்த்தார். அது படைப்பு. எட்டுச் சுழி போட்ட கடிதம் சான்று.

உலகப் பொதுமொழியாகச் செய்யப்பட்ட எஸ்பெராந்தோவைப் பாருங்கள். 1887இல் சாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர் வெளியிட்டார். 1905இல் அதன் அடிப்படை இலக்கணம் மாறக் கூடாதது என்று ஏற்கப்பட்டது. இரண்டே வருடத்தில், 1907இல், அதைத் திருத்திச் செய்த 'இடோ' என்று ஒரு கிளை பிரிந்துபோனது. அது எல்லோருக்கும் தெரிந்த சண்டை. எனக்கு அதைவிடச் சுவையானது, வேதியியலைக் குறிக்கும் சொல்லின் தொடக்கத்தில் தொண்டையை உரசி வந்த ஒலி மெல்ல நழுவி இன்று பெரும்பாலும் 'கெமியோ' ஆகிவிட்டது. டோக்கி போனா இன்னும் நேர்மை. 2001இல் ஒருவர் செய்த சின்னஞ்சிறு மொழி. 2021இல் அவரே வெளியிட்ட அகராதி, பேசுகிறவர்களிடம் எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறீர்கள் என்று கேட்டுத் தொகுத்தது. தான் பெற்ற பிள்ளையிடமே போய் உன் விருப்பம் என்ன என்று கேட்க ஒரு மனம் வேண்டும்.

எனக்கு இதில் சொந்த வயிற்றெரிச்சலும் உண்டு. ஆறாம் வகுப்புக் கட்டுரையில் எங்கள் ஊர்ப் பேச்சுப்படி 'எனக்க வீடு' என்று எழுதிவிட்டு, வகுப்பு முன்னால் நின்று பத்து முறை 'என் வீடு' சொன்னவன் நான். பலாவைச் சக்கை என்றால் சிரிப்பு, மரவள்ளியை மரச்சீனி என்றால் சிரிப்பு. ஆனால் தொல்காப்பிய உரைகாரர்கள் திசைச்சொல்லுக்கு, அதாவது அந்தந்த வட்டாரத்துச் சொல்லுக்கு, உதாரணம் காட்டும்போது, குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பார்கள் என்று குறித்து வைத்தார்கள். நாடு, சொல், பொருள். சுழி கிடையாது. அந்தத் தள்ளை எங்கள் பக்கத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறாள்.

மருமகளிடம் அதைத்தான் சொன்னேன். வாக்கியத்தை முழுதாக எழுது; யார், எந்த ஊர், யாரிடம், எந்தத் தேதியில் சொன்னது என்று எழுது. பேசுகிறவர்கள் நான்கே பேர் என்றால் நான்கில் எத்தனை பேர் என்றும் எழுது. நீ கார்த்திகையில் மாற்றிய விதியின் பழைய வடிவத்தையும் அழிக்காதே, இன்னும் ஒருத்தி அதையே பேசிக்கொண்டிருப்பாள்.

முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் எழுதினாள். தலைப்பு: 'குளச்சல் வழக்கு'. உடனே தோழிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் எனக்கே கேட்டது: "நான் பேசுவதுதான் மொழி. நீ பேசுவதை வேண்டுமானால் மார்த்தாண்டம் வழக்கு என்று எழுதிக்கொள்."