வேலை போவது வேறு, ஜெயிலுக்குப் போவது வேறு

ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த வேலை பார்த்தான் என்று சிறுசேரி ஐ.டி. கம்பெனி ஒன்று ஒரு தம்பியை வேலையை விட்டுப் போகச் சொன்ன விஷயத்தை மூன்று நாளாக எல்லோரும் எழுதியாயிற்று. நடந்ததை நான் மறுபடி விரிவாகச் சொல்லப் போவதில்லை. அவனை வேலையை விட்டுப் போகச் சொன்னதில்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் இல்லை. அந்தச் சின்ன மீட்டிங் அறையில் ஹெச்.ஆர். சொன்ன ஒரு வாக்கியம்தான் மனதை அறுக்கிறது: "நீங்களே ரிசைன் பண்ணிட்டா நல்லது, இல்லன்னா சைபர் க்ரைம்ல கம்ப்ளைன்ட் கொடுக்க வேண்டி வரும்." அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. ஊரில் அப்பா கேட்ட ஒரே கேள்வி, "வீட்டுக்குப் போலீஸ் வருமாப்பா?"

ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த வேலை பார்த்தால் வேலை போகலாம். அதற்காக மட்டும் யாரும் ஜெயிலுக்குப் போக மாட்டார்கள். வேலை போவது வேறு, வழக்கு வருவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்து ஒருவனைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்குகிறார்கள் பாருங்கள், தப்பு அங்கேதான் நடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. கம்ப்யூட்டரின் உரிமையாளரோ பொறுப்பாளரோ அனுமதி தராமல் உள்ளே நுழைவது, டேட்டாவைக் காப்பி எடுப்பது, வைரஸ் விடுவது, இருப்பதை அழிப்பது. இதற்கு நஷ்ட ஈடு கேட்கலாம். அதே காரியத்தை நேர்மையற்ற நோக்கத்தோடோ ஏமாற்றும் நோக்கத்தோடோ செய்தால்தான் பிரிவு 66. மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் கொடுத்து "இதில் வேலை செய்" என்று சொன்னதே கம்பெனிதான். அதில் ஒருவன் வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட் பார்த்தான், தங்கை கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்தான் என்றால் திருட்டு நோக்கம் எங்கிருந்து வந்தது? கம்பெனி பாலிசியை மீறினான், அவ்வளவுதான். பாலிசி என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலான ஒப்பந்தம். அதை மீறினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். எஃப்.ஐ.ஆர். போடுகிற விஷயம் இல்லை.

அப்படியே புகார் போனாலும் மறுநாள் காலையில் விலங்கோடு வந்து நிற்க மாட்டார்கள். பிரிவு 66 ஜாமீனில் விடக்கூடிய குற்றம். விசாரிப்பவர் இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. இப்போது அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 35. நோட்டீஸ் வந்தால் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு சொன்ன தேதியில் போக வேண்டும். போகாமல் ஒளிந்தால்தான் வம்பு. கம்பெனி வக்கீல் அனுப்பும் நோட்டீஸ் கோர்ட் உத்தரவும் இல்லை, சம்மனும் இல்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் தபால் வந்தாலே கை நடுங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வாங்கிப் படித்துப் பார்த்துப் பதில் கொடுத்தால் போதும்.

அடுத்து, அந்த மீட்டிங்கில் அவன் முன்னால் வைத்த 14 பக்கப் பிரின்ட் அவுட், அதாவது அவன் லேப்டாப் இன்டர்நெட்டில் எங்கெங்கே போனது என்ற பதிவு (லாக்). அதைப் பார்த்துத்தான் அவன் உடைந்து போனான். தேதி, நேரம், யூசர் ஐ.டி., டொமைன் (தளத்தின் பெயர்), வகை, அனுமதித்ததா தடுத்ததா, எத்தனை பைட். வரிவரியாக, பக்கம் பக்கமாக. அடியில் "தனிப்பட்ட பயன்பாடு: 2,300 முறை" என்று கூட்டல் வேறு. பிராக்ஸி லாக், அதாவது கம்பெனி இன்டர்நெட் வாசலில் நிற்கும் சர்வர் எழுதி வைக்கும் பதிவு, அதைப் படிக்கத் தெரிந்த யாரும் அந்த எண்ணை ஒரு நிமிடம்கூட நம்ப மாட்டார்கள். ஒரு செய்தித்தளத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தால் படம், விளம்பரம், டிராக்கர் என்று பல டொமைன்களுக்குத் தனித்தனியாகக் கோரிக்கை போகும், ஒவ்வொன்றும் ஒரு வரி. ஜிமெயிலை ஒரு டேபில் திறந்து வைத்துவிட்டு நாள் முழுக்க வேலை செய்தாலும் அது பின்னால் சர்வரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். மனிதன் ஒரு தடவை தொட்டது லாகில் நூற்றுக்கணக்கான வரியாக நிற்கும்.

வகை என்று போட்டிருக்கும் கட்டம் இன்னும் மோசம். அது சாஃப்ட்வேர் தானாக ஒட்டும் லேபிள். கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கத் திறந்த பக்கத்தில் பந்தய ஆப் விளம்பரம் ஒன்று ஓடினால் உங்கள் பெயருக்கு நேரே "சூதாட்டம்" என்று விழலாம். நேரமும் அப்படித்தான். கிளவுட் பிராக்ஸி லாக்குகள் பெரும்பாலும் யு.டி.சி. என்கிற உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும், நம்ம நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். லாகில் 15:40 என்று இருப்பது ராத்திரி 9:10. வேலை முடித்து ஹாஸ்டலில் உட்கார்ந்து பார்த்ததை "ஆபீஸ் நேரத்தில் பார்த்தாய்" என்று காட்டிவிடலாம். லாகில் பெயர் இல்லாமல் ஐ.பி. முகவரி (நெட்வொர்க்கில் மெஷினுக்குக் கிடைக்கும் எண்) மட்டும் இருந்தால், அன்றைக்கு அந்த முகவரி யாருடைய மெஷினுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்ற பதிவையும் கேட்க வேண்டும். ஒரே ஐ.பி. திங்கள் ஒருவருக்கு, செவ்வாய் வேறொருவருக்கு.

எக்செல் ஷீட் பிரின்ட் எடுத்து வைத்தால் அது சாட்சியம் ஆகிவிடாது. கோர்ட்டுக்குப் போனால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63-ன்படி ஹேஷ் மதிப்போடு (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) சான்றிதழ் தர வேண்டும். எந்த மெஷினிலிருந்து, யார் எடுத்தார்கள் என்று மெஷினுக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும். மீட்டிங் அறையில் மிரட்ட மட்டும் இது எதுவும் தேவைப்படுவதில்லை.

"அப்ப ஆபீஸ் லேப்டாப்ல படம் பார்க்கலாம்ங்கறீங்களா?" என்று கேட்பீர்கள். பார்க்கக் கூடாது. கம்பெனி சொத்து கம்பெனி வேலைக்குத்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "வங்கி கிளையன்ட்டோட டேட்டா இருக்கு, பாதுகாக்க வேண்டாமா?" என்றால் கட்டாயம் பாதுகாக்க வேண்டும். நிஜமான குற்றம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் என்னிடம் வந்து நீங்கள்தான் தைரியம் கொடுத்தீர்கள் என்று சொல்லக் கூடாது. கஸ்டமர் டேட்டாவைப் பென் டிரைவில் எடுப்பது, கம்பெனியின் சோர்ஸ் கோடை வெளித்தளமான கிட்ஹப்பில் சொந்தக் கணக்கில் ஏற்றுவது, பக்கத்து சீட்டுக்காரர் லாகினில் நுழைவது, டோரன்ட்டில் புதுப்படம் இறக்குவது. இவையெல்லாம் சொந்த உபயோகக் கணக்கில் வராது. முதல் மூன்றில் 43-உம் 66-உம் வரும், நம்பிக்கை மோசடியும் சேரலாம். கடைசியாகச் சொன்னதில் பதிப்புரிமைச் சட்டம் (காப்பிரைட்) பிரிவு 63 வரும். குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசம் என்றால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் பிரிவு 67பி, அங்கே யாருக்கும் என் அனுதாபம் கிடையாது. வேலை போன பிறகு பழைய பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்கிறதே என்று உள்ளே போய் ஒரு ஃபைலை எடுப்பதுதான் பலர் அறியாமல் விழும் குழி. அனுமதி அன்றைக்கே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நுழைந்தால் அத்துமீறல்தான்.

இதில் எதையும் அந்தத் தம்பி செய்ததாகக் கம்பெனியே சொல்லவில்லை. பிறகு ஏன் போலீஸ் பேச்சு?

பயம் செய்யும் சேதம் பெரியது. வேளச்சேரிப் பக்கம் ஒரு பெண்ணுக்கு நடந்தது. லேப்டாப்பில் இருந்தது பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷன் ஃபாரமும் வீட்டு வாடகை ஒப்பந்தமும்தான். திருப்பிக் கேட்கிறார்கள் என்றதும் பயந்து மொத்த மெஷினையும் ரீசெட் பண்ணிக் கொடுத்துவிட்டார். அதுவரை கம்பெனியிடம் ஒன்றுமே இல்லை. அன்றைக்குத்தான் "தகவலை அழித்தார்" என்ற புது ஆயுதம் கிடைத்தது. அழிப்பதும் பிரிவு 43-இல் வருகிறது. விசாரணைக்குத் தேவைப்படும் மின்னணுப் பதிவைச் சாட்சியம் ஆகக் கூடாது என்றே அழித்தால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 241-உம் வரும். குற்றமே இல்லாத இடத்தில் பயமே ஒரு குற்றத்தை உண்டாக்கிவிட்டது.

அதனால் மெஷினைத் தொடாதீர்கள். உங்கள் கணக்கை மட்டும் வெளியே எடுங்கள், அதுவும் உங்கள் போனிலிருந்து. வாட்ஸ்அப்பில் இணைத்த சாதனங்கள் என்ற இடத்துக்குப் போய் ஆபீஸ் பிரவுசரை லாக் அவுட் செய்யுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் உங்கள் சாதனங்கள் பட்டியலில் அந்த லேப்டாப்பை வெளியேற்றுங்கள். ஆபீஸ் குரோமில் சொந்த ஜிமெயிலால் நுழைந்திருந்தால் சேமித்த பாஸ்வேர்ட் எல்லாம் அங்கேயும் இறங்கியிருக்கலாம், பேங்க் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். லேப்டாப்பைக் கொடுக்கும்போது சீரியல் எண்ணும் அடியில் ஒட்டியிருக்கும் அசெட் எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். சார்ஜரோடு ஒப்படைத்ததாக எழுத்தில் வாங்குங்கள். எனக்கு ஆதாரம் வேண்டும் என்று கிளையன்ட் மெயில்களைச் சொந்த ஐ.டி.க்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள், நல்ல வழக்கையே அது கெடுத்துவிடும். பே ஸ்லிப், ஆஃபர் லெட்டர், அப்ரைசல் இவற்றை வேலையில் இருக்கும்போதே வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

ரிசைன் பண்ணச் சொல்வது ஏன் தெரியுமா? தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் அனுப்ப முடியாது. ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் தேவையில்லை, ஆனால் முறையாக விசாரணை நடத்தி அதில் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். நாற்பது நிமிட மீட்டிங்கை எந்த அதிகாரியும் விசாரணை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் மேனேஜர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது, மற்ற ஐ.டி. ஊழியருக்குப் பொருந்தும். அனுப்பிய ஆணை கையில் கிடைத்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். தானாக ரிசைன் செய்தவருக்கு அந்தக் கதவு கிடையாது. சிரித்த முகத்தோடு பேனாவை நீட்டுவது அந்தக் கதவை மூடத்தான்.

"கம்பெனி பாவம் பார்த்து ரெக்கார்ட் கெடாம அனுப்புறாங்க, அதுவும் குத்தமா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாவம் பார்ப்பவர் யோசிக்க ரெண்டு நாள் கொடுப்பார். வீட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொள் என்று சொல்வார். அவன் போனை வாங்கி வைத்துக்கொண்டு, இங்கேயே இப்போதே டைப் பண்ணு என்று உட்கார வைத்ததற்குப் பெயர் பாவம் பார்ப்பது இல்லை ஐயா.

சொந்த உபயோகம் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, நம்முடைய சொந்தத்தை அவர்கள் உபயோகிப்பது கணக்கில் வராதா? லாகின் பண்ண ஓ.டி.பி. வருவது நம் போனுக்கு. அந்த போனில் ஆபீஸ் மெயிலுக்காக ஒரு ஆப், அது கேட்கும் அத்தனை அனுமதி. வீட்டிலிருந்து வேலை என்றால் நம்ம வீட்டுக் கரண்ட், நம்ம இன்டர்நெட். ராத்திரி 11 மணி கால் அமெரிக்காக்காரர் வசதிக்கு. அம்மாவை ராஜீவ் காந்தி ஜி.ஹெச்.சில் சேர்த்திருக்கும்போது வராந்தாவில் உட்கார்ந்து டிக்கெட் (கிளையன்ட் புகார்) முடித்துக் கொடுத்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம். அந்த மணிநேரத்தை எல்லாம் யாராவது லாக் எடுத்து 14 பக்கம் பிரின்ட் போட்டார்களா? இவ்வளவு கொடுத்தவன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்தால் அவன் குற்றவாளியாம். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தம்பி, இது உன் கண்ணில் பட்டால்: நீ இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை என்று கேள்விப்பட்டேன், நல்லது. மீட்டிங்கில் யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், எத்தனை மணிக்கு என்று உன் சொந்த மெயிலிலிருந்து ஹெச்.ஆருக்கு இன்றைக்கே எழுது. குற்றச்சாட்டையும் அந்த 14 பக்க லாக் நகலையும் எழுத்தில் கேள். சம்பள பாக்கியையும் அதிலேயே கேள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, வேலையை விட்டு அனுப்பினால் இரண்டு வேலை நாளுக்குள் தந்தாக வேண்டும். பி.எஃப். உன் பணம், யாரும் பிடித்து வைக்க முடியாது. வெளியேறிய தேதியை அவர்கள் போடாவிட்டால் கடைசிச் சந்தா மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்) தளத்தில் ஆதார் ஓ.டி.பி. வைத்து நீயே போட்டுக்கொள்ளலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. டெர்மினேஷன் ஆணை வந்தால் கவரைத் தூக்கிப் போடாதே, அதன் மேல் வந்த தேதியை எழுதி வை. 30 நாள் அன்றிலிருந்துதான். தொழிலாளர் துறை அலுவலகம் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்குப் போகும்போது அந்தக் கவரையும் எடுத்துக்கொண்டு போ. அப்பாவிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடு, போலீஸ் வரவில்லை என்று.