அம்மாக்கள் செய்த மயில்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு என் மகளின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் ஒரு மயில் செய்து கொண்டுவர வேண்டுமாம். பிள்ளைகளுக்கு வயது மூன்றரை, நான்கு. தக்கலையில் அந்நேரம் திறந்திருந்த ஒரு கடைக்கு ஓடினேன். எனக்கு முன்னால் மூன்று அம்மாக்கள் சார்ட் பேப்பரும் ஜிகினாவும் வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு அப்பா தெர்மாகோல் கேட்டார்.

நான் நீல சார்ட்டும் பசையும் வாங்கி வந்து மகளிடம் கொடுத்தேன். மயில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "அதுக்கு நெறைய கண்ணு உண்டு" என்றாள். தோகையைச் சொல்கிறாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டத்தில் மயில் வரும், தினமும் பார்ப்பாள். சார்ட்டைத் துண்டு துண்டாகக் கிழித்தாள், ஒட்டினாள். ஒவ்வொரு துண்டிலும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வட்டம், அதற்குள் ஒரு புள்ளி. உடம்பு கிடையாது, கழுத்து கிடையாது, காகிதம் முழுக்கக் கண்கள். அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. நாக்கு மட்டும் ஒரு ஓரமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் வகுப்புச் சுவர் நிறைய மயில்கள். எல்லாம் அழகு, எல்லாம் பெரியவர்கள் வெட்டியவை. இவளுடையது பையிலேயே திரும்பி வந்துவிட்டது. "எனக்க மயிலு செவத்துல இல்லம்மா" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

டீச்சரிடம் பேசினேன். நல்ல பெண். "அக்கா, சுவர் நல்லா இருந்தாத்தான் அட்மிஷனுக்கு வர்றவங்க நிக்கிறாங்க" என்றார். அது உண்மைதான். எனவே இதை டீச்சர்களுக்கு எழுதவில்லை. சுவரைப் பார்த்துப் பள்ளிக்கூடம் தேடுகிற நமக்குத்தான் எழுதுகிறேன்.

மணிக்கட்டில் சின்னச் சின்னதாக எட்டு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புதான். வருஷம் போகப் போக ஒவ்வொன்றாக எலும்பாக இறுகும். மூன்று வயதுப் பிள்ளையின் மணிக்கட்டில் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு மூன்றுதான் தெரியும். மீதி ஏறக்குறைய ஆறு வயதுக்குள் வரும், கடைசி ஒன்று அதற்கும் பிறகு. அந்தக் கையில் பென்சிலைக் கொடுத்து நோட்டில் ஒரு பக்கம் 'அ' எழுது என்கிறோம். கோணலாகப் போனால் சிவப்பு மையில் சுழிக்கிறோம். அந்தக் கைக்கு இப்போது வேண்டியது பிசைய, கிழிக்க, உருட்ட, பிழிய, கிள்ள ஏதாவது ஒன்று. ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போடுகிற பிள்ளையும் எழுதத்தான் பழகிக்கொண்டிருக்கிறது.

விஜயதசமிக்கு ஏடு தொடங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையை மடியில் வைத்து, தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். எத்தனை சரியான முறை அது! அரிசி விரலுக்கு இடம் கொடுக்கும், எழுதியது தெரியும், தாம்பாளத்தை ஒரு குலுக்குக் குலுக்கினால் தப்பெல்லாம் போய்விடும். ஆனால் மறுநாளே தாம்பாளத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நோட்டை வாங்கிவிடுகிறோம். அந்தத் தாம்பாளம் இன்னும் இரண்டு வருஷம் கீழேயே கிடக்கட்டும். அரிசிக்குப் பதில் சலித்த மணல் போதும்.

மாண்டிசோரி என்று போர்டு வைத்த பள்ளிகள் நம் குமரி மாவட்டத்திலும் இருக்கின்றன. அந்தப் பெயருக்குரிய மரியா மாண்டிசோரி அம்மா 1907இல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவ வைத்தார். முதலில் விரல், அப்புறம்தான் பென்சில். போர்டில் பெயரைப் பார்த்ததும் சேர்த்துவிடாதீர்கள், உள்ளே போய்ப் பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கன்வாடிக்குப் போனால் படிப்பு வராது என்று சொல்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். எங்கள் தெரு அங்கன்வாடியில் பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிக்கொண்டு ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் படிப்புதான்.

சனிக்கிழமைகளில் எங்கள் முற்றத்தில் ஐந்தாறு பிள்ளைகள் கூடுகிறார்கள். பெரிய ஏற்பாடெல்லாம் இல்லை. சிரட்டை, கதம்பல் என்கிற தேங்காய் மட்டை, ஈர்க்கில், பழைய சாக்கு, ஒரு வாளி தண்ணீர். குமரி மாவட்டத்தில் எந்த வீட்டில் சிரட்டை இல்லை? வாழை இலைக்காம்பைக் குறுக்கே வெட்டி, சாயத்தில் தொட்டுத் தாளில் வைத்தால் உள்ளே இருக்கிற கண்ணறைகள் எல்லாம் அச்சாக விழும். வெண்டைக்காயை வெட்டி ஒற்றினால் ஐந்து மூலைப் பூ. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கிட்களை நானும் பார்த்திருக்கிறேன். அதிலிருக்கும் அச்சு ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான் விழும். வெண்டைக்காய் அப்படி விழாது.

ஒரு நாள் செம்பருத்தி. இதழைக் கசக்கி வெள்ளைத்தாளில் தேய்த்தார்கள். பூ சிவப்பு, தாளில் விழுந்த கறை ஊதா. அதிலேயே பாதிப் பேருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்தக் கறையில் எலுமிச்சைச்சாறு ஒரு சொட்டு வைத்தால் இளஞ்சிவப்பாகிறது. சோப்புத் தண்ணீர் வைத்தால் பச்சைக்குத் திரும்புகிறது. பக்கத்து வீட்டுப் பையன், நாலு வயது, சோப்பு வைத்த அதே இடத்தில் எலுமிச்சையையும் வைத்தான். பச்சை போய்ச் சிவப்பு எட்டிப் பார்த்தது. திரும்பச் சோப்பு, திரும்ப எலுமிச்சை, தாள் ஓட்டையாகிற வரை விடவில்லை. "மாமி, இது ரெண்டும் சண்ட போடுது" என்றான். அமிலம், காரம் என்று நான் ஆரம்பிக்கவில்லை. இன்னும் பத்து வருஷம் கழித்துப் புத்தகத்தில் அந்தச் சொற்கள் வரும்போது அவனுக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தால் போதும்.

முட்டத்துக்குப் போனபோது பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய பெரிய வளையக் காந்தத்தை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்துப் போனேன். கருமணலில் வைத்துத் தூக்கினால் கறுப்புத் துகள்கள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். கவரை உரித்தால் எல்லாம் உதிர்ந்துவிடும். "செவப்பு மண்ணு ஏன் வரல்ல?" என்று மகள் கேட்டாள். மணவாளக்குறிச்சி ஆலையிலும் இதே மணலைத்தான் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் என்று தனித்தனிக் கனிமங்களாகப் பிரிக்கிறார்கள். அங்கேயும் காந்தத்துக்குப் பெரிய வேலை உண்டு. ஆனால் மணலை வீட்டுக்கு அள்ளி வரவில்லை. மோனசைட்டில் கதிர்வீச்சு தரும் தோரியம் இருக்கிறது. அங்கேயே உதறிவிட்டு, கை கழுவிவிட்டு வந்தோம்.

கவனமாக இருக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். குன்றிமணி பார்க்க அழகு, ஆனால் உள்ளே கொடிய விஷம். பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் அது இருக்கவே கூடாது. மஞ்சாடி முத்து, புளியங்கொட்டை எல்லாம் மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம், தொண்டையில் சிக்கும், மூக்குக்குள் போகும். சின்னக் காந்தங்கள் வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மேல் விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும்தான், ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. மஞ்சளுக்கும் சோப்புத் தண்ணீரே போதும், அதிலும் சிவக்கும். தண்ணீர் வாளி இருக்கும் இடத்தை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரக் கூடாது.

தரை அழுக்காகும், சட்டை கறையாகும். என் மாமியார் முதலில் முணுமுணுத்தார். கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை பிடித்தபோது பேத்திக்கும் ஒரு உருண்டை மாவு கொடுத்தவரும் அவர்தான். அவள் பிடித்தது கோணலும் மாணலுமாக வெந்து வந்தது. அதை முதலில் எடுத்துத் தின்றதும் அவரேதான்.

பிள்ளை வரைந்த ஆளுக்குத் தலையிலிருந்தே கால் முளைத்தால் திருத்தாதீர்கள். மூன்று, நான்கு வயதில் உலகம் முழுக்கப் பிள்ளைகள் அப்படித்தான் வரைகிறார்கள். "இது என்ன?" என்று கேட்பதைவிட, "இதைப் பத்திச் சொல்லு மக்களே" என்று கேட்டுப் பாருங்கள். என் மகள் மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்துவிட்டு வந்து மேலிருந்து கீழாக வெறும் கோடுகள் போட்டாள். பாலம் எங்கே என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். "நாம கீழ நிக்கோம்லா, அதான் மேல தெரியல்ல" என்று அவளே சொன்னாள். 115 அடி உயரத் தூண்களுக்கு அடியில் நின்று அவள் பார்த்தது அதுதான்.

பள்ளியிடம் ஒன்று கேட்டிருக்கிறேன். வீட்டில் செய்து வரச் சொல்ல வேண்டாம், வகுப்பிலேயே செய்யட்டும், செய்தது எப்படி இருந்தாலும் எல்லார் வீட்டுப் பிள்ளையுடையதும் சுவரில் ஏறட்டும். இன்னும் பதில் வரவில்லை. நீங்களும் உங்கள் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் இதைக் கேளுங்கள். ஒருத்தி கேட்டால் தொந்தரவாகத்தான் தெரியும். பத்துப் பேர் கேட்டால் யோசிப்பார்கள்.

மகளின் மயிலைக் கீழே படமாகப் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் பிள்ளைகள் தாங்களே செய்ததையும், நீங்கள் கை வைக்காமல், கமென்ட்டில் போடுங்கள். அவளிடம் காட்டுகிறேன்.