45 வயதுக்கு மேல் ஹார்மோன் பரிசோதனை எதற்கு?

சிங்கப்பூரில் தனியார் மருந்தகங்களின் உடற்பரிசோதனைத் திட்டங்களில் பெண்களுக்கான ஹார்மோன் பரிசோதனை என்றொரு வரியை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்க முடிகிறது. மாதவிடாய் முன்பின்னாக வரத் தொடங்கியவுடன், நம் பெண்களில் பலர் அந்த வரிக்கென்று கூடுதலாகச் சில வெள்ளிகளைக் கட்டி ரத்தம் கொடுத்துவிட்டு, தாளில் என்ன வருமோ என்று கவலையோடு காத்திருக்கிறார்கள். 45 வயதைத் தாண்டி, மாதவிடாய் நிற்கும் காலத்தை (மெனோபாஸ்) நோக்கி மாதவிடாய் மாறிவரும் ஒரு பெண்ணுக்கு அந்தப் பரிசோதனை பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை என்பதும், சில நேரங்களில் அவளுக்குக் கெடுதலே செய்துவிடுகிறது என்பதும் என் உறுதியான கருத்து.

காரணம் உடலின் செயல்பாட்டிலேயே இருக்கிறது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, எஃப்எஸ்ஹெச் என்ற ஹார்மோனை அனுப்பிச் சினைப்பையைத் தூண்டுகிறது. சினைப்பை எஸ்ட்ரோஜனைச் சுரந்தால் அந்தத் தூண்டுதல் தணிகிறது. சினைமுட்டைகள் குறையக் குறையச் சினைப்பை எளிதில் அசைந்து கொடுப்பதில்லை என்பதால் எஃப்எஸ்ஹெச் ஏறுகிறது. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் அது உயர்ந்த நிலையிலேயே தங்கிவிடும். ஆனால் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அப்படி இல்லை. ஒரு மாதம் சினைப்பை ஓய்ந்து கிடக்கும், எஃப்எஸ்ஹெச் உச்சத்துக்குப் போகும். அடுத்த மாதமே அது விழித்துக்கொண்டு, இளவயதில் சுரந்ததைவிடக் கூடுதலாகவும் எஸ்ட்ரோஜனைச் சுரக்கும், எஃப்எஸ்ஹெச் இறங்கிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தின் நடுவே ஒருநாள் காலையில் எடுத்த ரத்தத்தை வைத்து ஒரு பெண்ணின் நிலையைத் தீர்மானிப்பது, சன்னல் வழியே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அந்த மாத மழையைக் கணிப்பது போன்றது.

என் அண்ணிக்கு 48 வயது. இரவில் சட்டை நனையும் அளவுக்கு வியர்த்து, தூக்கம் கெட்டு, காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாத வலியோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பரிசோதனைத் தாளில் எஃப்எஸ்ஹெச் 9 என்று வந்தது, பக்கத்தில் இயல்பு என்ற குறிப்போடு. அன்றிலிருந்து வீட்டில் அவர் எதைச் சொன்னாலும், "ரிப்போர்ட்தான் நன்றாக இருக்கிறதே" என்ற பதில்தான் கிடைத்தது. சில வாரங்கள் கழித்து வேறோர் இடத்தில் எடுத்தபோது அதே எண் 41, அதாவது உயர்ந்த அளவு. இரண்டு தாள்களிலும் பிழையில்லை. அவர் வீட்டுச் சமையலறைச் சுவரில், தேக்காவில் நகைக்கடை கொடுத்த நாட்காட்டி தொங்குகிறது. அதில் மாதவிடாய் வந்த நாள்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். முதலில் 24 நாள் இடைவெளி, பிறகு 38 நாள், அதற்குப் பிறகு 60 நாளையும் தாண்டிய ஓர் இடைவெளி. மருத்துவர்கள் உலகெங்கும் பின்பற்றும், 2012இல் திருத்தப்பட்ட வரையறையின்படி, அடுத்தடுத்த சுழற்சிகளின் நீளம் ஏழு நாளோ அதற்கு மேலோ மாறிக்கொண்டே இருந்தால் மெனோபாஸை நோக்கிய மாற்றம் தொடங்கிவிட்டது என்று பொருள். 60 நாளோ அதற்கு மேலோ மாதவிடாய் வராமலிருந்தால் அது பிந்தைய கட்டம், முற்றாக நிற்க ஏறக்குறைய ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் இருக்கும். ரத்தத்தால் சொல்ல முடியாததைச் சுவரில் இருந்த அந்த வட்டங்கள் தெளிவாகச் சொல்லியிருந்தன.

மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டியும், 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மெனோபாஸை உறுதிப்படுத்த எஃப்எஸ்ஹெச் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்றே கூறுகிறது. ஹார்மோன் சிகிச்சை தேவையா என்பதையும் இந்த எண் தீர்மானிப்பதில்லை. அந்தப் பெண் என்ன படுகிறாள், அவளுக்கு மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்ததுண்டா, அவளுடைய விருப்பம் என்ன என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

கெடுதல் என்று நான் சொன்னது, இயல்பு என்ற தாளால் ஒரு பெண்ணின் வேதனை பொய்யாக்கப்படுவதை மட்டுமன்று. எண் உயர்ந்து வந்தால், இனிக் கரு தங்காது என்று நம்பிக் கருத்தடையை விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அடுத்த மாதமே சினைமுட்டை வெளிவரலாம். 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் கடைசி மாதவிடாய்க்குப் பின் ஓராண்டும், அதற்குக் குறைந்தவர்கள் இரண்டாண்டும் கருத்தடையைத் தொடர வேண்டும் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை.

ஆனால் இதே பரிசோதனை கட்டாயமாகத் தேவைப்படும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நாம் தட்டிக்கழிக்கிறோம். 40 வயதுக்குள் மாதவிடாய் மாதக்கணக்கில் வராமல் போனால், வேலைப் பளு, மன அழுத்தம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காலம் கடத்தக்கூடாது. நூறு பெண்களில் குறைந்தது ஒருவருக்கு அந்த வயதுக்குள்ளேயே சினைப்பை செயலிழக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். 40க்கும் 45க்கும் இடையில் அறிகுறிகளோடு வருபவர்களுக்கும் எஃப்எஸ்ஹெச் பார்ப்பதில் பொருள் உண்டு. சிங்கப்பூரில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது ஏறக்குறைய 49 என்றால், இந்தியாவில் நடந்த ஆய்வுகள் 46, 47 என்று சொல்கின்றன. ஆகவே 43 வயதுத் தமிழ்ப்பெண் ஒருத்தி வந்து இந்த அறிகுறிகளைச் சொன்னால், இன்னும் வயதாகவில்லை என்று திருப்பி அனுப்பிவிடக்கூடாது. எஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு அந்த மாத்திரையே எஃப்எஸ்ஹெச்சை அடக்கி வைக்கும் என்பதால், பரிசோதனை செய்தாலும் முடிவை நம்ப முடியாது. கருப்பை அகற்றப்பட்டவர்களுக்கு எண்ணிப் பார்க்க நாள்களே இல்லை. அவர்கள் மருத்துவரோடு தனியாகப் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

மற்றவர்கள் அந்தப் பணத்தையும் ரத்தத்தையும் வேறு கேள்விகளுக்குச் செலவிடலாம். படபடப்பும் வியர்வையும் தைராய்டாலும் வரும், அதைப் பார்க்கச் சொல்லுங்கள். உதிரப்போக்கு அதிகமாக இருந்தால் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்க வேண்டும். களைப்புக்கு இரும்புச்சத்துக் குறைவே காரணமாக இருக்கலாம். நாள் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனையையும் தள்ளிவிடாதீர்கள். ஓராண்டு நின்றபின் ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே போக வேண்டும், ஏனெனில் கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டியிருக்கும்.

நம் பெண்கள் ஏன் அந்தத் தாளைத் தேடிப் போகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை, அச்சிட்ட எண்ணைக் காட்டினால் நம்புகிறார்கள். தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வு ஒன்றில், நடுத்தர வயதுச் சிங்கப்பூர்ப் பெண்கள் திடீரென உடல் சூடாவதைவிட மூட்டு, தசை வலியையே அதிகமாகச் சொல்லியிருக்கிறார்கள். விரல் வலிக்கிறது என்று வருபவளிடம் கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது என்று கேட்க மருத்துவருக்கு இரண்டு நிமிடம் போதும். அந்தக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை.

மருந்தகங்கள் 45 வயதுக்கு மேற்பட்டவர்களின் திட்டங்களிலிருந்து ஹார்மோன் வரியை எடுத்துவிட்டு, அதே கட்டணத்தில் கால்மணி நேர ஆலோசனையைச் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அந்தத் திட்டங்களுக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ சென்று, ஓராண்டுக்கான மாதவிடாய்த் தேதிகளையும் தூக்கத்தைக் கெடுப்பது எது என்பதையும் எழுதிய தாளைக் காட்டுங்கள். தேவையென்றால் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் மெனோபாஸ் மருந்தகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் தரும்படி வெளிப்படையாகக் கேளுங்கள்.